கூடப் பிறந்தவனே கொண்டு வந்தாலும்

பெற்றோர் வைத்த பெயர் வாக்காளர் பட்டியலில் பத்திரமாக இருந்தது. மற்ற எல்லா இடங்களிலும் அவர் ‘வாய்தா வக்கீல்’தான்.

வழக்கைத் தள்ளிப்போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஜெயிக்கிற வழக்கை எவன் வேண்டுமானாலும் வாதாடலாம், தோற்கிற வழக்கைப் பதினான்கு வருஷம் தோற்காமல் வைத்திருப்பதுதான் தொழில் என்பார். ஒரே சித்தப்பாவை மூன்று நீதிமன்றங்களில் சாகடித்து வாய்தா வாங்கியவர். அந்த மனிதர் நாலாவது தடவை நிஜமாகவே கண்ணை மூடியபோது, நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “வேற சொந்தக்காரங்க யாரும் இல்லையா வக்கீலே?” என்று கேட்டாராம். பார் அசோசியேஷனில் இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அப்படிப்பட்ட வாயை அரசியல் கட்சிக்காரர்கள் சும்மா விடுவார்களா? நாற்பத்தைந்தாவது வயதில் தேர்தலில் நிறுத்தினார்கள். ஜெயித்துவிட்டார். ஐந்து வருஷம் சட்டசபையில் உட்கார்ந்தார். மனுவோடு வந்தவர்களிடம் ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்ற ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஐந்து வருஷத்தையும் ஓட்டினார். வாய்தா வாங்கியது போய், வாய்தா கொடுக்கிற இடத்துக்கு வந்திருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்த தேர்தலில் முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றார். அதற்கடுத்த தேர்தலில் பன்னிரண்டாயிரம். முந்நூற்றுப் பன்னிரண்டை இன்றுவரை யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. பன்னிரண்டாயிரத்தை அன்றைக்கே மறந்துவிட்டார். மூன்றாவது தடவை கட்சி அவரைக் கூப்பிடவில்லை.

வானொலி நிலையம்தான் கூப்பிட்டது. சட்ட ஆலோசனை சொல்ல வரவேண்டிய ஒரு பேராசிரியர் அன்றைக்கு வரவில்லை. இவருடைய எண் யாரிடமோ இருந்தது. ஒருநாள் ஒப்பேற்றப் போனவர் நாலு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். காலை எட்டு மணி முதல் எட்டரை வரை, ‘பெயர் வேண்டாம், கேள்வி போதும்’. ஃபோனில் வருகிறவர்கள் பெயர் சொல்லக் கூடாது. யாரைப் பற்றிக் கேட்கிறார்களோ அவர்கள் பெயரையும் சொல்லக் கூடாது. டைலர், டிரைவர், மாமியார், மருமகள் என்று சொன்னால் போதும். அவதூறு வழக்கு வந்து நிலையம் சந்தி சிரிக்கக் கூடாது என்று முதல் நாளே அவர் போட்ட விதி அது.

இன்னொரு விதி நிலையம் போட்டது. ஒரு கேள்விக்கு மூன்று நிமிஷம். அதற்குள் பதில் சொல்லியாக வேண்டும். ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்ற பேச்சே கிடையாது. முதலில் அவருக்கு மூச்சு முட்டியது. பிறகு பிடித்துப்போயிற்று. கேட்டவருக்குக் கேட்ட இடத்திலேயே பதில் கிடைத்தது. “ரொம்ப நன்றி சார்” என்று சொல்லும்போது சில குரல்கள் உடைந்தன. அறுபத்து மூன்று வயதுக்கு மேல், தான் செய்கிற வேலையால் யாருக்கோ உபயோகம் இருக்கிறது என்று அவருக்கு முதல்முறையாகத் தோன்றியது. அது ஒரு பெரிய சந்தோஷமாக இருந்தது.

பத்திரம் சம்பந்தமாக யார் பேசினாலும் கடைசியில் ஒரு வரி சொல்வார்: “கூடப் பிறந்தவனே கொண்டு வந்தாலும் படிக்காம கையெழுத்துப் போடாதீங்க.” அந்த வரி ஊரெல்லாம் பரவிவிட்டது. பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடைக்காரர் அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து மெஷினுக்கு மேலே ஒட்டியிருந்தார். கேட்டவர்கள் எல்லாரும் கேட்டார்கள், சொன்னவருடைய காதில் மட்டும் அது விழவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

விஷயம் இதுதான். அவர் குடியிருந்த வீடு அப்பா கட்டியது. அப்பாவுக்குப் பிறகு அவருக்குப் பாதி, தங்கைக்குப் பாதி. முன்பக்கம் அவருடைய அலுவலகமும் அறைகளும். பின்பக்கம் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் தங்கைக்கு. கணவர் போனபின் அங்கே வந்தவள் அங்கேயே இருந்து வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டாள். பள்ளிக்கூட ஆசிரியை. முதல் தேர்தல் செலவுக்குக் கடன் கேட்டபோது, வீடு முழுக்க ஒரே பெயரில் இருந்தால்தான் கடன் தருவேன் என்று வங்கி சொல்லிவிட்டது. தங்கை பாகத்தைத் தனக்கு விட்டுக்கொடுப்பதாக ஒரு விடுதலைப் பத்திரம் எழுதினார். சாப்பாட்டு மேசையில் வாக்காளர் சீட்டுகளை மடித்துக்கொண்டிருந்தவள் முன்னால் வைத்தார். “எங்க போடணும் அண்ணா?” என்று கேட்டாள். “இங்க” என்று விரலை வைத்துக் காட்டினார். அப்படியே ஜீப்பில் ஏற்றிப் பதிவு அலுவலகத்துக்கும் கூட்டிப்போய், வரிசையில் நிற்காமல் வேலையை முடித்து, அரை மணியில் திரும்பக் கொண்டுவந்து விட்டார். ‘வேட்பாளருக்கு ஜாமீன் கையெழுத்து’ என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். அவர் இல்லை என்று சொல்லவில்லை.

ஏமாற்ற வேண்டும் என்று அவர் செய்யவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஜெயித்ததும் மாற்றி எழுதிவிடலாம் என்றுதான் இருந்தார். ஜெயித்தார், வேலை அதிகம். தோற்றார், மனசு சரியில்லை. இப்படியே இருபத்திரண்டு வருஷம். அவர் வாங்கியதிலேயே நீளமான வாய்தா இதுதான். எதிர்த்தரப்புக்கு வழக்கு இருப்பதே தெரியாது.

இப்போது ஒரு பில்டர் வந்திருந்தார். பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவதாகவும், இரண்டு ஃப்ளாட் தருவதாகவும் பேச்சு. வேறு ஊரில் இருக்கும் மகன் ஃபோனில் நச்சரித்தான். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒப்பந்தம். தங்கையிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தார். இரண்டு ஃப்ளாட்டில் ஒன்றில் அவளை இருக்கச் சொல்லலாம். எப்படிச் சொல்வது என்பதை நாளைக்கு யோசிக்கலாம்.

முந்தைய வியாழக்கிழமையிலிருந்து வீட்டில் ஏதோ சரியில்லை. தினமும் அவர் நிலையத்திலிருந்து திரும்பியதும் தங்கை டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அன்றைய நிகழ்ச்சியில் அவர் விட்ட தப்புகளை எடுத்துச் சொல்வாள். “அந்த டிரைவர் ரெண்டு கேள்வி கேட்டார். நீ ஒண்ணுக்குத்தான் பதில் சொன்னே.” வாத்தியார் புத்தி எங்கே போகும்? அவரும் முணுமுணுத்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். நாலைந்து நாளாக டீ மட்டும் வந்தது, தப்பு வரவில்லை. என்ன என்று கேட்க நினைத்தார். சரி, நாளைக்குக் கேட்கலாம் என்று விட்டுவிட்டார்.

புதன்கிழமை. ஒலிப்பதிவு அறையில் ஏசி வழக்கம்போல் முதுகில் அடித்தது. மேசையில் மைக், தண்ணீர், கடிகாரம், இருமல் வந்தால் குரலை நிறுத்திக்கொள்ள ஒரு பொத்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் பெண்ணும் ஃபோன் எடுக்கிறவரும். வேலிச் சண்டை ஒன்றையும் அட்வான்ஸைத் திருப்பித் தராத வீட்டுக்காரர் ஒருவரையும் முடித்திருந்தார். ஃபோன் எடுக்கிறவர் அடுத்த சீட்டைக் கண்ணாடியில் ஒட்டினார்: ‘ஆசிரியை. அண்ணன். பத்திரம்.’ நல்ல கேள்வி, நம்முடைய வரியைச் சொல்ல வாய்ப்பு என்று சந்தோஷமாக ஹெட்போனைச் சரிசெய்தார்.

“வணக்கம் சார். ரிட்டயர்ட் ஆன டீச்சர் பேசறேன்.”

அறுபத்தோரு வருஷத்தில் தங்கை அவரை ‘சார்’ என்று கூப்பிட்டதே இல்லை. அவருடைய கை தானாகப் போய் இருமல் பொத்தானை அழுத்தியது. இருமல் வரவில்லை. கையை எடுத்தார்.

“சொல்லுங்கம்மா.”

“நீங்க தினமும் சொல்றீங்க இல்லையா, கூடப் பிறந்தவனே கொண்டு வந்தாலும்னு. நான் அப்படித்தான் சார் போட்டுட்டேன். இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. எங்க அண்ணன் ஒரு பேப்பர் கொண்டு வந்தார். எங்க போடணும்னு மட்டும்தான் கேட்டேன். இப்பத்தான் தெரியுது, வீட்டுல என் பாதியை அவருக்கு எழுதிக் கொடுத்திருக்கேன்.”

வழக்கமாக இந்த இடத்தில் அவர் அந்த அண்ணனைப் பிடித்து உலுக்குவார். நேயர்கள் காத்திருந்தார்கள்.

“உங்க அண்ணனுக்கு அப்போ என்ன சூழ்நிலையோ...” என்று இழுத்தார்.

தயாரிப்பாளர் பெண் குறிப்பேட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“சூழ்நிலை எல்லாருக்கும்தான் சார் இருக்கு. நான் சட்டம் கேக்கறேன்.”

“நீங்க படிச்சவங்க. டீச்சர் வேற. படிக்காம எப்படிம்மா போட்டீங்க?”

கேட்டபிறகுதான், சாட்சிக் கூண்டில் நிற்கிற எதிர்த்தரப்பிடம் கேட்கிற கேள்வி இது என்று அவருக்கே உறைத்தது. நாற்பது வருஷப் பழக்கம், வாய் தானாகப் போய்விட்டது.

மறுமுனையில் அவள் கோபப்படவில்லை. வகுப்பில் இரண்டாவது தடவையாகப் பாடத்தை விளக்குகிறவளைப் போல் நிதானமாகச் சொன்னாள்: “பசங்க நோட்டை வரி விடாம படிப்பேன் சார். படிக்காம மார்க் போட்டதே இல்ல. ஏன்னா, பசங்க தப்பு பண்ணுவாங்கன்னு தெரியும். அண்ணன் பண்ணுவார்னு தெரியாது.”

கடிகாரத்தில் இன்னும் ஒரு நிமிஷம் இருபது வினாடி.

அவர் செய்ய வேண்டியது ரொம்பச் சுலபம். ‘இருபத்திரண்டு வருஷம் ஆயிடுச்சேம்மா, காலம் கடந்துபோச்சு’ என்று சொன்னால் போதும். தங்கை நம்பிவிடுவாள், ரேடியோ வக்கீல் சொன்னால் ஊரே நம்பும். வீடு முழுவதும் அவருடையது. ஆனால் இப்படிப்பட்ட வழக்கில் அவர் எல்லாரிடமும் கேட்கிற ஒரு கேள்வி உண்டு: உங்களுக்கு எப்போது தெரிய வந்தது? ஏமாந்தவருக்குச் சட்டம் நாள் கணக்கை அங்கேயிருந்துதான் ஆரம்பிக்கிறது. அதைக் கேட்டால் அவள் பதில் சொல்வாள். சொன்னால் பதிவாகும். பதிவானால் சாட்சியம். கேள்வி கேட்டவரே குற்றவாளி என்ற கூத்தும் அதில் சேர்ந்துகொள்ளும்.

வாய்தா கேட்கலாம் என்றால் எதிரே நீதிபதி இல்லை, கடிகாரம்தான் இருந்தது. ஐந்து வினாடி போயிற்று. எட்டு வினாடி. வானொலியில் எட்டு வினாடி மௌனம் என்றால் நிலையத்தில் பிராணன் போய்விடும். தயாரிப்பாளர் பெண் பாட்டுப் போடும் பொத்தான்மேல் விரலை வைத்துவிட்டாள். அவருக்குப் பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. இரண்டில் வெட்கம்தான் பெரிதாக இருந்தது.

“உங்களுக்கு இது எப்போம்மா தெரிய வந்தது?”

“போன வியாழக்கிழமை சார். டேப் வச்சு அளக்க ஒருத்தர் வந்தார். என் சமையலறையை அளந்துட்டு, எத்தனை வருஷமா இங்க வாடகைக்கு இருக்கீங்கன்னு கேட்டார். நான் பொறந்த வீடு சார் அது. அப்புறம் பதிவு அலுவலகத்துக்குப் போய் நகல் எடுத்துப் பார்த்தேன்.”

குரல் அந்த ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் இறங்கிற்று. அவர் இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“அப்போ உங்களுக்குக் காலம் கடக்கலம்மா. உண்மை தெரிஞ்ச நாள்லேர்ந்துதான் கணக்கு. மூணு வருஷம் இருக்கு. என்னன்னு சொல்லாம வாங்கின கையெழுத்து அது. பத்திரம் செல்லாதுன்னு வழக்குப் போடலாம். இந்த நிகழ்ச்சியோட பதிவு நிலையத்துல தொண்ணூறு நாள் இருக்கும். எழுதிக் கொடுத்து ஒரு காப்பி வாங்கி வச்சுக்கோங்க. உதவும்.”

“சரி சார்.”

“உங்க அண்ணன்கிட்ட நேரா கேட்டீங்களா?”

“கேட்டா, நாளைக்குப் பார்க்கலாம்னு சொல்வார். உங்க நிகழ்ச்சியிலன்னா மூணு நிமிஷத்துல சொல்லித்தானே ஆகணும். அதான் இங்க கேட்டேன்.”

கண்ணாடிக்குப் பின்னால் ஃபோன் எடுக்கிறவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவருக்கு இது ஒரு நல்ல நகைச்சுவை.

“இந்தத் தடவை சொல்ல மாட்டார்மா” என்றார் வாய்தா வக்கீல். “வெள்ளிக்கிழமை கையெழுத்து நடக்காது. கவலைப்படாதீங்க.”

பாட்டு வந்தது. தன்னுடைய புகழ்பெற்ற வரியை அன்றைக்கு அவர் சொல்லவில்லை. தயாரிப்பாளர் பெண் கதவைத் திறந்து வந்து, காலியாக இருந்த தம்ளரில் தண்ணீர் ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். மீதி இருந்த ஒன்பது நிமிஷத்தில், பக்கத்து வீட்டு நாய் கடித்தால் யார் பொறுப்பு என்பதை அவர் தெளிவாகவே விளக்கினார்.

வெளியே வந்ததும் பில்டருக்கு ஃபோன் செய்தார். “வெள்ளிக்கிழமை வேண்டாம்.”

“பரவால்ல சார், எப்போ வச்சுக்கலாம்?”

“வச்சுக்கவே வேண்டாம்.”

அடுத்த தேதி கொடுக்காமல் அவர் ஒன்றை முடித்தது அதுதான் முதல் தடவை. பில்டர் ஏதேதோ பேசினார். மகன் வேறு கூப்பிடுவான், கூப்பிடட்டும். நிலையத்தின் வரவேற்பறையில், பார்வையாளர்கள் காத்திருக்கும் மேசையில் உட்கார்ந்து, பழைய பத்திரத்தை ரத்து செய்யும் பத்திரத்தைக் கையாலேயே எழுதினார். இரண்டு பக்கம். நாளைக்குப் பதிவு அலுவலகத்தில் டைப் செய்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அதற்குமுன் இந்தக் கையெழுத்துப் பிரதியில் இன்றைக்கே அவளிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் தனக்கே நிம்மதி என்று நினைத்தார்.

வீட்டுக்கு வந்து, முன்பக்கம் நுழையாமல், பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்பக்கம் போனார். தங்கை சமையலறை மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரேடியோ அணைந்திருந்தது.

“இன்னிக்கு ஒரு தப்பு” என்றாள், திரும்பாமலே. “நான் வெள்ளிக்கிழமைன்னு சொல்லவே இல்ல. எனக்கே தெரியாது. நீயா சொல்லிட்டே. ஊரே கேட்டிருக்கும்.”

அவருக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை, பிறகு புரிந்தது. எத்தனை சாட்சிகளை இப்படி வாயைக் கிளறி மாட்ட வைத்திருப்பார்! நுணலும் தன் வாயால் கெடும்.

“கேக்கட்டும்” என்றார்.

அப்போதுதான் அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் தாள்களை மேசையில் வைத்து, பேனா மூடியைத் திறந்து பக்கத்தில் வைத்தார். “எங்க போடணும்?” என்று கேட்பாள் என்று காத்திருந்தார். அவள் கேட்கவில்லை. அலமாரியிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவருடைய பேனாவைத் தள்ளி வைத்துவிட்டு, தன்னுடைய சிவப்பு மை பேனாவை எடுத்தாள். உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். அவரை உட்காரச் சொல்லவில்லை. அவர் நின்றார்.

முதல் பக்கத்தின் நடுவில் பேனா நின்றது.

“இது என்ன? ‘மேற்படி விடுதலைப் பத்திரத்தை முழு மனதுடனும் எவருடைய வற்புறுத்தலும் இன்றியும் வாசித்துப் பொருள் உணர்ந்து எழுதிக் கொடுத்த என் தங்கை...’ நான் எங்க வாசிச்சேன்?”

“அது எல்லாப் பத்திரத்துலயும் போடறதுதான். கை தானா எழுதிடும்.”

“அந்தப் பத்திரத்துலயும் தானாத்தான் எழுதிச்சா?”

அவள் அந்த வரியைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு, தாளை அவர் பக்கம் திருப்பினாள்.

“நடந்ததை எழுது.”

எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆயிரக்கணக்கான பத்திரம் எழுதிய கை; நடந்ததை எழுத ஒரு வார்த்தை வரவில்லை. ‘சூழ்நிலை காரணமாக’ என்று எழுதி அவரே அடித்தார். ‘கவனக்குறைவால்’ என்று எழுதி அதையும் அடித்தார். பள்ளிக்கூடத்தில் நிறுத்திவைக்கப்பட்ட மாணவனைப் போல் தாளின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் மூன்று வாக்கியம் எழுதினார்: ‘என் தங்கை அந்தப் பத்திரத்தைப் படிக்கவில்லை. அது என்ன என்று நான் சொல்லவில்லை. என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டாள்.’ மூன்றாவது வாக்கியத்தில் எழுத்து கோணலாகிவிட்டது. கண் மறைத்தது, துடைத்துக்கொண்டார்.

தங்கை வாங்கிப் படித்தாள். ஓரத்தில் சிவப்பில் ஒரு டிக் போட்டாள். பிறகு இரண்டாம் பக்கத்தையும் முழுதாகப் படித்து முடித்தாள்.

அவர் தன் பேனாவை எடுத்து நீட்டினார். “கீழே, இங்க” என்று, அவள் கேட்காமலே விரலை வைத்துக் காட்டினார்.

அவள் கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். தாள்களை ஒழுங்காகச் சேர்த்து ரேடியோவுக்கு அடியில் வைத்தாள்.

“இன்னும் ஒரு தடவை படிக்கணும்.”

“இப்பத்தானே படிச்சே?”

“ஒரு தடவைதானே படிச்சிருக்கேன். நாளைக்கு வா, அண்ணா.”

அவருக்கு வாதாட நூறு வழி தெரியும். ஒன்றையும் எடுக்கவில்லை. மூடி திறந்த பேனாவோடு எழுந்தார். வந்த வேலை முடியாமல் நீதிமன்றப் படியிறங்கிப் போன மனிதர்களையெல்லாம் அவர் பார்த்திருக்கிறார். அவர்களுக்குள் என்ன ஓடியிருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வாசல்வரை போனவர், அவர்கள் எல்லாரும் கேட்ட அதே கேள்வியைத் திரும்பிக் கேட்டார்.

“எத்தனை மணிக்கு வரட்டும்?”

“உன் நிகழ்ச்சி முடிஞ்சதும் வா” என்றாள் தங்கை. பாத்திரத்தை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். “இப்போ அங்கயே நிக்காதே. டீ போடறேன், குடிச்சிட்டுப் போ.”